சயான் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி ஏன் நகரவில்லை?

கேள்வி: மும்பையில் முலுண்டிலிருந்து தாதருக்கு தினமும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கல் ரயிலில் போகிறேன். போன மழையில் குர்லா தாண்டி, சயான் ஸ்டேஷனுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டோம். முன்னால் போன வண்டி சிவப்பு சிக்னலைத் தாண்டி ஊர்ந்து போனது. எங்கள் வண்டியை ஓட்டும் மோட்டார்மேன் அசையவில்லை. சில பையன்கள் ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பெண்களை இறக்கி ரோட்டில் விட்டார்கள். நானும் போயிருக்கலாமோ?

பதில்: அம்மா, நானும் மோட்டார்மேனாக இருந்தவன். போகாதது நல்லது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சிவப்பில் இரண்டு வகை உண்டு. கம்பத்தில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது தானியங்கி சிக்னல். அங்கே பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்று, விசில் கொடுத்து, வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டுக்கும் தெரிவித்துவிட்டு மோட்டார்மேன் தானே மெல்லக் கிளம்பலாம். மழையில் எதிரே சரியாகத் தெரியாவிட்டால் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதுவும் அடுத்த சிக்னல் வரைதான். ‘ஏ’ இல்லாத சிவப்பு ஸ்டேஷன் மாஸ்டருடையது. அவர் அனுமதி இல்லாமல் ஓர் அடி நகரக் கூடாது. சில கம்பங்களில் அந்த ‘ஏ’ விளக்காக இருக்கும்: எரிந்தால் தானியங்கி, அணைந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் கையில். ஒரே கம்பம்தான், பத்து நிமிடத்தில் கதை மாறிவிடும். முன்னால் போனவருக்கு எரிந்திருக்கும், உங்களுக்கு அணைந்திருக்கும். வெளியே நிற்பவர்களுக்கு இரண்டும் ஒரே சிவப்பு, திட்டு மட்டும் மோட்டார்மேனுக்கு.

‘ஏ’ இருந்தாலும், தண்டவாளத்தைத் தண்ணீர் மூடியிருந்தால் நான் நகர்த்த மாட்டேன். அடியில் ஜல்லி அரித்துப்போயிருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. வண்டியின் மோட்டார்களும் பெட்டிக்கு அடியில்தான். பின்னால் எடுக்கலாமே என்பார்கள். பின்னால் அடுத்த லோக்கல் நிற்கும்.

இனி அந்த நூறு ரூபாய்ப் பையன்கள். உங்களை இறக்கிவிடுகிறவனுக்குப் பக்கத்து லைனில் என்ன வருகிறது என்று தெரியாது. ஸ்லோ லைன் மூழ்கியிருக்கும்போது ஃபாஸ்ட் லைன் ஓடிக்கொண்டிருக்கும். 2025 ஜனவரியில் ஜல்காவ் பக்கம் தீ என்ற வதந்தியில் புஷ்பக் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியவர்கள் மீது பக்கத்து லைனில் வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதியது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். சட்டப்படி லைனில் நடப்பதே குற்றம். ஆனால் போலீஸ் பிடிப்பது உங்களைத்தான், காசு வாங்கினவன் அதற்குள் அடுத்த பெட்டிக்குப் போயிருப்பான்.

மறுநாள் இன்னொரு கூட்டம் வரும். ஆபீஸில் காட்ட ரயில்வே சீலோடு ‘லேட் லெட்டர்’ வாங்கித் தருகிறேன் என்று ஜெராக்ஸ் கடைக்காரன் கூப்பிடுவான். அந்த சீலே போலி. மாட்டினால் வேலை போகும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

பெட்டிக்குள்ளேயே புகை வந்தால் தவிர இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தாலும் அடுத்த தண்டவாளம் இல்லாத பக்கமாக. மயக்கம், பிரசவ வலி என்றால் ரயில்வே உதவி எண் 139.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். கார்டு கையில் மைக் இருக்கிறது. ‘தண்ணீர் வடிகிறது, இறங்க வேண்டாம்’ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொன்னாலே பாதிப் பேர் குதிக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கே மேலிருந்து யாரும் எதுவும் சொல்வதில்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன், மழை நாளில் நான் கேட்ட பதிலெல்லாம் ‘வெயிட் பண்ணு’ ஒன்றுதான்.