கேள்வி–பதில்: பட்டிமன்ற மேடையில் புத்தரும் இயேசுவும்

வாசகர், பெரம்பூர்: எங்கள் குடியிருப்புச் சங்க ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்திருக்கிறார்கள். 'கருணைக்கும் சகிப்புத்தன்மைக்கும் பெரிய ஊற்று பௌத்தமா, கிறிஸ்தவமா?' என்பது தலைப்பு. நான் பௌத்த அணி. பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எதைப் பிடித்துப் பேசினால் எடுபடும்?

பதில்: கைத்தட்டல் மட்டும் போதுமென்றால் வழி சுலபம். நம் பக்கத்து நூலிலிருந்து நல்ல வரியையும் எதிர்ப்பக்கத்து வரலாற்றிலிருந்து ரத்தத்தையும் எடுத்து அருகருகே வைத்துவிடலாம். எதிரணியும் அதையேதான் செய்யும். நடுவர் 'இரண்டும் இரு கண்கள்' என்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார். நூலை நூலோடும் நடப்பை நடப்போடும் ஒப்பிடுங்கள். கொஞ்சம் கஷ்டம், ஆனால் பேச்சில் சத்து இருக்கும்.

தொடக்கத்துக்கு, பிக்குகளின் ஒழுங்கைச் சொல்லும் விநய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் வரும் காட்சி பொருந்தும். வயிற்றுக்கடுப்பு கண்ட ஒரு பிக்கு தம் கழிவிலேயே கிடக்கிறார். 'இவரால் எங்களுக்கு உபகாரம் எதுவும் இல்லை, அதனால் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை' என்பது மற்ற பிக்குகள் சொல்லும் காரணம். புத்தர் தண்ணீர் ஊற்ற, சீடர் ஆனந்தர் உடம்பைக் கழுவுகிறார். தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவராகப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன் பிறகுதான் போதனை: எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்.

எதிரணியில் பைபிள் தெரிந்தவர் இருந்தால் உடனே மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எடுப்பார். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு அங்கே சொல்கிறார். இரண்டும் ஒரே வாக்கியம் மாதிரித்தான் காதில் விழும். ஆனால் இயேசு தம்மையே அந்த நோயாளியின் இடத்தில் வைக்கிறார். புத்தர் அப்படி வைக்கவில்லை. தமக்கு வரவேண்டிய பணிவிடையை நோயாளியின் பக்கம் திருப்பிவிடுகிறார். ஒன்றில் உதவிக்கு வேர் கடவுளோடுள்ள உறவு. மற்றதில் துன்பம் எல்லோருக்கும் பொது என்ற தெளிவு.

இதைத் தமிழில் விளக்கக் குறள் 757 இருக்கிறது: 'அருளென்னும் அன்பீன் குழவி.' தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். நல்ல சமாரியன் கதையில் (லூக்கா 10) நடப்பது அன்பின் எல்லை விரிவது. யூதர்களுக்கு ஆகாத இனத்தான் ஒருவன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டுகிறான், சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். கிறிஸ்தவம் இப்படி அந்நியனை உறவாக்கப் பார்க்கிறது. பௌத்தமோ உறவு, அந்நியன் என்ற பிரிவையே கரைக்கப் பார்க்கிறது.

விலங்குகள் விஷயத்தில் உங்கள் அணிக்குத்தான் பலம். பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்கங்களில் முதல் சீலமே கொல்லாமை. சோழ, பாண்டிய நாடுகள்வரை மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாக அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. எதிரணியின் பலம், கருணையை நிர்வாகமாக்கிய பழக்கம். 4-ஆம் நூற்றாண்டிலேயே செசரியா ஆயர் பசிலியார் ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் பெரிய இல்லம் கட்டியிருக்கிறார். அதே குறளின் மறுபாதி, அருள் என்ற குழந்தை பொருள் என்ற செவிலியால் வளரும் என்கிறது. அந்தப் பாதியை எதிரணி எடுத்துக்கொள்ளும். உங்களிடம் மணிமேகலை இருக்கிறாள். அட்சயபாத்திரத்தில் தொடங்கி, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியவள். அவளுக்கு மூன்று நிமிடமாவது ஒதுக்குங்கள். சபை எழுந்து உட்காரும்.

வாசகி, கீழ்ப்பாக்கம்: நான் செவிலியர். எல்லோருக்கும் நலம் நினைக்கும் மைத்ரி தியானம் பழகி மூன்று மாதம் ஆகிறது. என்னை வாட்டும் மேலதிகாரியை நினைத்து 'நலமாயிரு' என்று சொல்ல உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கோபம்தான் பொங்குகிறது. 'பகைவருக்காக ஜெபம் செய், அது சுலபம்' என்கிறாள் கூட வேலை செய்யும் கிறிஸ்தவத் தோழி.

பதில்: நீங்கள் கடைசிப் படியில் காலை வைத்து ஆரம்பித்திருக்கிறீர்கள். பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமார்க்கம் என்ற நூல் இதற்கு ஒரு வரிசையே தருகிறது. முதலில் நீங்கள், 'எனக்குச் சுகம் வேண்டும், மற்றவர்க்கும் அப்படித்தானே' என்று சாட்சிக்காக. அடுத்து நீங்கள் மதிக்கும் ஆசிரியர் போன்ற ஒருவர். பிறகு நெருங்கிய நண்பர். அதற்கும் பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், தினமும் டிக்கெட் கிழித்துத் தரும் பஸ் கண்டக்டர் மாதிரி. பகைவர் கடைசியில். ஒருவர்மேல் மனம் மெத்தென்று ஆனபிறகே அடுத்தவருக்குப் போக வேண்டும். மாவு பிசைவது போலத்தான்: பதம் வராமல் உருட்டினால் விரியும்.

உயிருக்குயிரானவரை வைத்து ஆரம்பிக்க வேண்டாம் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. அவருக்குச் சின்னத் துன்பம் என்றாலும் அழுகை வந்துவிடும். இறந்தவரை நினைத்துச் செய்தால் தியானம் கைகூடாது.

மேலதிகாரியிடம் வந்ததும் கோபம் எழுந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அதுவும் உதவவில்லை என்றால் அவரிடம் உள்ள ஒரே ஒரு நல்ல குணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடத்தை சரியில்லை, பேச்சு சுத்தம் என்றால் பேச்சை மட்டும் நினையுங்கள். அடுத்த மருந்து, கோபத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது. எதிரிமேல் வீசத் தணலைக் கையில் எடுப்பவனுக்குத்தான் முதலில் சுடும். அடுத்தது வேடிக்கையானது: 'நான் எதன்மேல் கோபப்படுகிறேன்? முடிமீதா, நகத்தின்மீதா, பல்லின்மீதா?' என்று பிரித்துக் கேட்பது. எதுவும் பலிக்காவிட்டால் அந்த ஆளுக்கு ஏதாவது கொடுங்கள், அல்லது அவர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் புத்தகோசர். காப்பியோ, பிறந்தநாள் மிட்டாயோ, எதுவானாலும் சரி. 'உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு' என்று ரோமர் 12:20-இல் பவுல் சொல்வதும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. உங்கள் தோழியிடம் அந்த வசனத்தைக் காட்டுங்கள். ஜெபத்தோடு நின்றுவிட்டால் அவருக்கும் பாதிதான் வேலை முடிந்திருக்கும்.

செவிலியர் என்பதால் இன்னொன்று. கருணைக்கு 'ஒட்டிய பகை' என்று ஒன்று உண்டு, பார்த்தால் கருணை மாதிரியே இருக்கும்: சோகம். நோயாளிக்காக அழுது, வீட்டில் சோறு இறங்காமல் கிடப்பது கருணை அல்ல, மனம் சேதமாவது. உபேக்கா என்ற சமநிலைக்கு ஒட்டிய பகை அலட்சியம். இருபது வருடம் வார்டில் நின்றபின் வரும் 'எனக்கென்ன' என்பது வெளியே சமநிலை போலவே தெரியும். இரண்டில் எது தலைகாட்டுகிறது என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழியும் பிரியும் இடமும் இந்தத் தியானத்திலேயே இருக்கிறது. நீங்கள், நண்பர், நடுநிலையாளர், பகைவர் நால்வரும் உட்கார்ந்திருக்கும்போது கொள்ளையர் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்டால்? 'இவரைக் கொண்டுபோ' என்று எண்ணினால் நால்வருக்கும் இடையே மனம் போட்ட எல்லை உடையவில்லை. 'என்னைக் கொண்டுபோ' என்று எண்ணினாலும் உடையவில்லை. நால்வரில் யாரையும் கொடுக்க மனம் வராதபோதுதான் மைத்ரி சமமாகியிருக்கிறது. கிறிஸ்தவத்தில் நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை (யோவான் 15:13). புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் போதிசத்துவர், அதாவது புத்தராவதற்கு முந்தைய அவரே, உடம்பைக் கொடுக்கும் இடங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் தியானத்துக்கான பாடம் இதுதான்.

வாசகர், கொளத்தூர்: இயேசு இளமையில் இந்தியா வந்து பௌத்தம் படித்தாராமே?

பதில்: ஆதாரம் இல்லை. லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் அப்படிச் சொல்லும் சுவடியைப் பார்த்ததாக நோட்டோவிச் என்ற ரஷ்யர் 1894-இல் நூல் வெளியிட்டார். மடத்துத் தலைவர் அதை மறுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் அது இன்னும் சாகவில்லை. நேர்மாறான கதைதான் உண்மை. புத்தரின் வாழ்க்கை பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என்று மொழி மாறி மாறி, ஜோசஃபாத் என்ற புனிதராகக் கிறிஸ்தவத்துக்குள் நுழைந்தது. அந்தப் பெயரே 'போதிசத்துவர்' என்பதன் திரிபு.

வாசகர், குரோம்பேட்டை: கருணை கருணை என்கிறீர்கள். இலங்கையில் காவி உடுத்தவர்களே வெறுப்பைத் தூண்டினார்கள். ஐரோப்பாவிலும் கோவாவிலும் திருச்சபைக்கு மாறான நம்பிக்கையைத் தண்டித்த மதவிசாரணை நடந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இதைத்தான் பட்டிமன்றத் தலைப்பு மறைக்கிறது. கருணையும் சகிப்புத்தன்மையும் சேர்ந்தே வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வராது.

5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் தனியே பிரிந்த கிறிஸ்தவர்களான டோனட்டஸ் பிரிவினரை அரசு பலவந்தமாகத் திருச்சபைக்குள் கொண்டுவந்தபோது ஆயர் அகுஸ்தீனார் அதை ஆதரித்தார். வற்புறுத்தல் கூடாது என்றுதான் அவரும் முதலில் நினைத்தார், பிறகு மாறினார். அவர் சொன்ன காரணம் வெறுப்பு அல்ல. ஜன்னி கண்டவன் பள்ளத்தை நோக்கி ஓடினால் பிடித்துக் கட்டுவதுதானே அன்பு என்று கேட்டார். உன் ஆன்மா நரகத்துக்குப் போகிறதே என்ற பதைப்புத்தான் கையில் கயிற்றை எடுத்துக் கொடுத்தது. கோவாவில் 1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, நடந்த விசாரணைக்கும் இதே தர்க்கத்தில் இடம் கிடைத்தது.

பௌத்தம் தடுக்கிய இடம் வேறு. ஏறக்குறைய அதே 5-ஆம் நூற்றாண்டில் பிக்குகள் கையால் எழுதப்பட்ட இலங்கை வரலாற்று நூலான மகாவம்சத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தமிழ் அரசன் எல்லாளனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனு, இத்தனை உயிர் போயிற்றே என்று தூக்கமில்லாமல் தவிக்கிறான். ஞானம் முற்றிய பிக்குகளான எட்டு அரகந்தர்கள் வந்து ஆறுதல் சொல்கிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதர்தான். புத்தம், தர்மம், சங்கம் என்ற சரணம் மட்டும் ஏற்றவர் அரை மனிதர், பஞ்சசீலமும் ஏற்றவர் முழு மனிதர். மற்றவர்கள் விலங்குக்குச் சமம். விலங்கையும் கொல்லாதே என்ற சமயத்தின் நூலில் இந்த வரி இருக்கிறது. அங்கே கருணை அளவு மீறியது, இங்கே அதன் வட்டம் சுருங்கியது. அதே மகாவம்சம் எல்லாளனை நீதி தவறாத அரசன் என்றும் புகழ்கிறது. நூல்கள் நம்மைப் போலத்தான், ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

அதனால் சகிப்புத்தன்மைக்குத் தனிக் கருவி வேண்டும். இரு பக்கமும் அது இருக்கிறது. உபாலி என்ற சமண இல்லறத்தார் தம் பக்கம் வந்தபோது, நிகண்டர்கள் என்ற சமணத் துறவிகளுக்கு இதுவரை கொடுத்த உணவை நிறுத்தாதே என்கிறார் புத்தர். ஆள் சேர்ந்ததும் எதிர்க்கடையை மூடச் சொல்லவில்லை. தன் சமயத்தைப் புகழ்ந்து மற்றதை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான், நாவை அடக்கு என்பது அசோகரின் 12-ஆம் பாறைக் கல்வெட்டு. இடம் தர மறுத்த சமாரியரின் ஊர்மேல் வானத்திலிருந்து நெருப்பு இறக்கலாமா என்று சீடர்கள் கேட்க, இயேசு அவர்களை அதட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார் (லூக்கா 9). அடுத்த ஊருக்குப் போவது, இதைவிடச் சுருக்கமான சகிப்பு இலக்கணம் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை மற்றச் சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் தள்ளுவதில்லை என்று பௌத்தத்தின் பெயரைச் சொல்லியே அறிவித்தது 1965 அக்டோபர் 28-இல்தான். தாமதம்தான், ஆனாலும் எழுத்தில் இருக்கிறது.

வாசகி, அண்ணா நகர்: மருமகள் கத்தோலிக்கர், நாங்கள் அம்பேத்கர் வழி பௌத்தர். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்குக் கூப்பிடுகிறாள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். எல்லோரும் எழுந்தால் எழுங்கள், முழங்காலிட விருப்பமில்லையென்றால் உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை வாங்க வரிசை கிளம்பும்போது மட்டும் இடத்திலேயே இருந்துவிடுங்கள். அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கு உரியது. பக்கத்தில் இருப்பவர் வெளியே போக வழி விட்டால் போதும். வைகாசிப் பௌர்ணமிக்கு மருமகளை எழும்பூர் கென்னட் லேன் மகாபோதி சங்கத்துக்கு அழைத்துப் போனால் செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள், சிலைக்கு நேரே கால் நீட்டி உட்கார வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரிசரணம் அவர் சொல்ல வேண்டியதில்லை. திருப்பலி பதினோரு மணிக்குமேல் என்றால், திரும்பி வரும் ஆட்டோவை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.