கேம்பர் வேனில் டீசல் ஹீட்டர்: தரையில் துளை போடும் முன்

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறோம். பழைய ஃபோர்டு டிரான்சிட் ஒன்றை வாங்கி, நாங்களே கேம்பராக, அதாவது படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள பயண வண்டியாக, மாற்றிக்கொண்டிருக்கிறோம். குளிர்காலத்திலும் ஸ்காட்லாந்து பக்கம் போய்த் தங்க ஆசை. ஹீட்டர் 2 கிலோவாட் வாங்குவதா, 5 கிலோவாட்டா? எங்கே பொருத்துவது, டீசலை எங்கிருந்து எடுப்பது? நண்பர் ஒருவருடைய வேனில் 5 கிலோவாட் ஹீட்டர் ஒரே குளிர்காலத்தில் புகை கக்கி நின்றுவிட்டது. எங்களுக்கும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: 2 கிலோவாட் போதும். சுவரிலும் கூரையிலும் ஒழுங்காக இன்சுலேஷன் போட்ட டிரான்சிட்டுக்குப் பிரிட்டன் குளிரில் அதற்கு மேல் தேவைப்படாது. எபர்ஸ்பேக்கர் ஏர்ட்ரானிக் டி2, வெபாஸ்டோ ஏர்டாப் 2000, ஆட்டோடெர்ம் 2டி மூன்றும் இந்த வகுப்புதான். முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர் அளவுக்குத்தான் டீசல் பிடிக்கும்.

பெரிய ஹீட்டர் வேனைச் சட்டென்று சூடாக்கும், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு இரவு முழுக்க ஆகக் குறைந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது எரியும் அறையில் சூடு போதாது. டீசல் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். டீசலைப் பற்றவைக்கும் சூட்டுமுனையான க்ளோ பிளக்கைச் சுற்றியுள்ள வலை அடைபடும். நண்பரின் வேனில் நடந்தது பெரும்பாலும் இதுதான். 2 கிலோவாட் வாங்கினாலும் இதை மறந்துவிடாதீர்கள்: வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். படிந்த கரி பெரிதும் எரிந்துவிடும்.

எங்கே பொருத்துவது? டிரான்சிட்டில் எஞ்சின் பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருப்பதால், பயணி இருக்கையின் பெட்டிதான் வசதியான இடம். எடுத்தவுடனே பெரிய துளை போடாதீர்கள். 3 மி.மீ. துளை ஒன்றைப் போட்டு, கம்பியை நுழைத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் குழாய், வயர் கட்டு, தரையின் முட்டுச்சட்டம் எதுவும் குறுக்கே இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெரிய துளை. அறுத்த விளிம்பில் அன்றே துத்தநாக பிரைமர் அடித்துவிடுங்கள். பிரிட்டனில் குளிர்காலச் சாலை உப்பு, பூச்சில்லாத தகட்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஹீட்டரை நேரடியாகப் பிளைவுட் மேல் உட்கார வைக்கக் கூடாது. மரத்தையும் இன்சுலேஷனையும் வெட்டி விலக்கி, உலோகத் தகடு மேல் கேஸ்கெட்டோடு (இடைவெளியை அடைக்கும் பட்டை) உட்கார வேண்டும். எரிகாற்று (டீசல் எரியத் தேவையான காற்று) உள்ளே வரும் குழாய், புகை வெளியேறும் குழாய், டீசல் குழாய் மூன்றும் இந்தத் தகடு வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. படுக்கும் இடத்துக்கும் புகைக்கும் நடுவில் இருப்பது அந்தக் கேஸ்கெட் ஒன்றே. தகடு நெளிந்திருந்தால் கேஸ்கெட் சரியாக அமராது. நட்டை இறுக்க இறுக்க ஹீட்டரின் உடலும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே நான்கு நட்டுகளையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடித்ததும் முன்புறக் காற்றாடியை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது உரசினால், அவிழ்த்துத் தகட்டைச் சமப்படுத்த வேண்டும். அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

புகைக்குழாயில் சமரசமே வேண்டாம். எரியும்போது அது தொட முடியாத சூட்டில் இருக்கும். டீசல் குழாய், பிரேக் குழாய், வயர், பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஹீட்டரிலிருந்து வெளி நுனி வரை கீழ்நோக்கியே சரிந்து போகட்டும். எரிப்பில் நீராவியும் உண்டாகிறது. தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி உறைந்தால் மறுநாள் ஹீட்டர் எரியாது. தாழ்வைத் தவிர்க்கவே முடியாவிட்டால் அந்த இடத்தில் 3 மி.மீ. வடிதுளை போடுங்கள். நுனி வண்டியின் ஓரம் வரை வர வேண்டும், நடுவயிற்றில் முடியக் கூடாது. முன்னோக்கியும் இருக்கக் கூடாது. ஓடும்போது காற்று எதிர்த்து அடிக்கும். திறக்கும் ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். பலர் கவனிக்காத இன்னொரு இடம் உண்டு: சமையல் கேஸ் பெட்டியின் தரையில் கேஸ் வெளியேற விட்டிருக்கும் துளை. புகைக்குழாய் அதன் அருகில் முடிந்தால், கேஸ் வெளியேறும் வழியிலேயே புகை உள்ளே ஏறும். எரிகாற்று உறிஞ்சும் குழாயும் வண்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், புகை நுனியிலிருந்து விலகி.

அடுத்தது டீசல். எரியாமல் போவது, விட்டு விட்டு எரிவது போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. எஞ்சினுக்குப் போகும் குழாயில் டி-இணைப்பு போட்டு எடுக்காதீர்கள். சிறு கசிவு இருந்தாலும் எஞ்சின் காற்றை உறிஞ்சிவிடும். டேங்கின் மேல்மூடியில் ஹீட்டருக்கென்றே ஒரு முனை பல டிரான்சிட்களில் மூடியபடி இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் டேங்கை இறக்கித் தனிக்குழாய் போட வேண்டும். அதன் நுனியைச் சாய்வாக வெட்டி, அடித்தரையிலிருந்து 3 செ.மீ. மேலே நிறுத்துங்கள். அடிக்கசடு வராது, ஹீட்டர் டேங்கைக் காலி செய்து உங்களை மலைப்பாதையில் நிறுத்தவும் செய்யாது. ஹீட்டர் கிட்டோடு (பொருத்தும் பாகங்கள் அடங்கிய தொகுப்பு) வரும் தனி பிளாஸ்டிக் டேங்கைப் படுக்கும் அறைக்குள் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

குழாயின் உள்விட்டம் 2 மி.மீ. இருக்கட்டும், விறைப்பான நைலானாக. மலிவு கிட்களில் வரும் மெத்தென்ற பச்சைக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். பம்ப் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு துளிதான் தள்ளுகிறது. அகலக் குழாயில் காற்றுக்குமிழி மேட்டில் தங்கிவிடும், டீசல் அதன் அடியில் ஊர்ந்து போகும். பிறகு குமிழி மொத்தமாக நகரும்போது சுடர் பட்டினி கிடந்து, அடுத்த நொடி கூடுதல் டீசலில் புகையும். மென்குழாயோ ஒவ்வொரு துடிப்பிலும் உப்பி அளவைக் குழப்பும். இணைக்கும்போது இரண்டு நைலான் நுனிகளையும் கூரான பிளேடால் நேராக வெட்டி, ரப்பர் உறைக்குள் ஒன்றோடொன்று முட்டும்படி தள்ளிக் கிளாம்ப் போடுங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் குமிழி குடியேறும் இடம் அதுதான். கட்டிங் பிளேயரால் வெட்டினால் நுனி நசுங்கிப் பாதை குறுகும்.

பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுமார். டேங்குக்கு அருகில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெளியேறும் முனை மேல்நோக்கி, குறைந்தது 15 டிகிரியாவது சாய்ந்திருக்கட்டும். படுக்க வைத்தால் குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வடிகட்டி பம்புக்கு முன்னால். பிடிப்பு ரப்பரோடு இருக்கட்டும், இல்லையென்றால் இரவெல்லாம் டிக் டிக் சத்தம் தரை வழியாகக் காதுக்கு வரும்.

மின்சாரத்தில் முக்கியமானது வயரின் தடிமன். பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில் க்ளோ பிளக் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். எரியத் தொடங்கியபின் ஒன்று முதல் மூன்று. பேட்டரியிலிருந்து ஹீட்டர்வரை போய் வரும் மொத்த நீளம் 5 மீட்டருக்குள் என்றால் 4 சதுர மி.மீ. வயர், 8 மீட்டர்வரை 6 சதுர மி.மீ. பேட்டரிக்கு ஒட்டியே, கையேடு சொல்லும் ஃப்யூஸ். 12 வோல்ட் 2 கிலோவாட்டுக்குப் பொதுவாக 20 ஆம்பியர். ஹீட்டர் தன் முனையில் சுமார் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் நின்றுவிடும். பற்றவைக்கும் நேரத்தில் மீட்டரை ஹீட்டரின் பிளக்கிலேயே வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.3 காட்டி, இங்கே 10.7 காட்டினால் பழுது பேட்டரியில் இல்லை, வயரிலோ இணைப்பிலோதான்.

ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிக்கவே கூடாது. அணைத்தபின் மூன்று நான்கு நிமிடம் காற்றாடி சுற்றி எரியும் அறையைக் குளிர்விக்கும். அது நடக்காவிட்டால் உள்ளிருக்கும் சூடு கட்டுப்பாட்டுப் பலகையைக் கருக்கிவிடும். எனவே வேனின் மெயின் சுவிட்சைத் தாண்டி, பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுங்கள்.

சூடான காற்றுக்கு 60 மி.மீ. குழாய்; ஒரு வாயாவது மூட முடியாததாக இருக்கட்டும். திரும்பி வரும் காற்றுக்கு இருக்கைப் பெட்டியில் தாராளமாகத் திறப்பு விடுங்கள், இல்லையென்றால் ஹீட்டர் அதிகச் சூட்டில் நிற்கும்.

முதல்முறை டீசல் குழாய் காலியாக இருப்பதால் ஒன்றிரண்டு முயற்சி தோற்கலாம். பொறுமையிழந்து பம்பை மட்டும் நெடுநேரம் ஓட்டினால் எரியும் அறைக்குள் டீசல் தேங்கி, பற்றும்போது வெள்ளைப் புகையாகக் கொட்டும். குழாயில் டீசல் ஹீட்டர்வரை வந்தது கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். புதுப் புகைக்குழாய் முதல் நாள் சற்று நாறும். அதை வெளியில், கதவுகள் திறந்த நிலையில் எரித்து முடியுங்கள்.

உறங்குமுன் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். வீட்டு அலாரம் போதாது. கேரவன், படகுகளுக்கான ஈ.என். 50291-2 என்ற குறி இருக்க வேண்டும். ஹீட்டரிலும் ஐ.நா. 122ஆம் விதிப்படியான ஈ-குறி இருக்கிறதா பாருங்கள். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் இருக்காது. பொருத்தியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெட்ரோல் நிலையத்தில் நுழையும் முன்பே அணைத்து, காற்றாடி நிற்கும்வரை காத்திருங்கள். மூடிய கராஜிலும் ஓட்டாதீர்கள். பிற்பாடு ஆல்ப்ஸ், நார்வே என்று போனால் குளிர்கால டீசலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிரிட்டன் குளிர்கால டீசல் −15 டிகிரி வரைக்குத்தான் வடிகட்டியில் அடைக்காமல் ஓடும்.