மடித்த தாளுக்குள் வந்த கோள்: வாசகர் கேள்வி – பதில்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானியலாரும் தாவரவியலாரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் காகிதங்களையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள். மையும் மடிப்பும் இரண்டுக்கும் பொதுதான் என்பதால் பதிலும் சேர்த்தே.

செரஸ் என்ற குறுங்கோளைக் கண்டவர் உடனே எல்லோருக்கும் எழுதியிருந்தால் அது கண்ணை விட்டு மறைந்திருக்காது என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பாதி உண்மை. சிசிலித் தீவின் பலெர்மோவில் ஜுசெப்பே பியாட்சி அதை முதலில் பார்த்தது 1801 ஜனவரி 1 இரவு. நம் கணக்கில் ரௌத்திரி வருடத்து மார்கழி. அவர் பேனா எடுத்தது ஜனவரி 24-இல். மிலானில் இருந்த நண்பர் ஓரியானிக்கு எழுதும்போது மட்டும், இதன் ஓட்டம் மெதுவாகவும் சீராகவும் இருப்பதால் வால்மீனைவிட மேலான ஒன்றாக இருக்கலாம் என்று மனத்தில் இருந்ததைச் சொன்னார். பெர்லினில் இருந்த போடேக்கு ‘வால்மீன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதிலும் ஜனவரி 1, 23 ஆகிய இரு நாள்களின் இடங்களைத்தான் கொடுத்தார். நடுவில் 10, 11 தேதிவாக்கில் அது பின்னோக்கிய நடையிலிருந்து முன்னோக்கித் திரும்பியது என்று ஒரு வரி. இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு யாரும் பாதை போட முடியாது. முழுக் கணக்கையும் தானே முடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது என்பதே நம் எண்ணம்.

மீதிப் பாதிக்குத் தபால்தான் காரணம். போடேயின் கைக்குக் கடிதம் சேர்ந்தது மார்ச் 20, அதாவது 55 நாள். பக்கத்தில் இருக்கும் மிலானுக்கோ ஏப்ரல் 5, 71 நாள்! இத்தாலியில் அப்போது போர். தூரம் குறைவு என்பதால் கடிதம் விரைந்து போய்விடுவதில்லை. அதற்குள் செரஸ் சூரியனின் ஒளிக்குள் புகுந்துவிட்டது. பியாட்சியும் நோய்வாய்ப்பட்டு, பிப்ரவரி 11-க்குப் பிறகு அவரால் பார்க்க முடியவில்லை.

மொத்தத்தில் கையில் இருந்தவை 41 நாளில் 24 பதிவுகள். வானில் சுமார் 3 பாகை நகர்வு. வானியலார் ட்சாக் நடத்திய ‘மாதக் கடிதப் போக்குவரத்து’ என்ற ஜெர்மன் இதழில் செப்டம்பரில் அவை அச்சாயின. பெயரிலேயே கடிதம்! அச்சான அந்த எண்களை எடுத்து 24 வயது கணித மேதை காவுஸ் பாதையைக் கணித்தார். மற்றவர்களின் கணக்கிலிருந்து அவருடையது பல பாகை விலகி நின்றது. ஆண்டு முடிவில் ட்சாக்கும், அடுத்தாற்போல் ஓல்பர்ஸும், காவுஸ் சொன்ன இடத்தை ஒட்டியே செரஸைக் கண்டார்கள். பியாட்சி 24 பதிவுகளையும் ஜனவரி, பிப்ரவரியிலேயே நாலு பேருக்கு அனுப்பியிருந்தாலும் சூரியன் வழிவிட்டிருக்காது. கணக்கு மட்டும் சில மாதம் முந்தியிருக்கும்.

ட்சாக் செரஸைக் கண்டது டிசம்பர் 31 என்று ஒரு நூல், ஜனவரி 1 என்று இன்னொரு நூல். எது சரி?
– வாசகர், பள்ளத்தூர்

இரண்டும் சரி. வானியலாரின் நாள் அப்போது நண்பகலில் தொடங்கியது. இரவு வேலையின் நடுவே தேதி மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. 31-ஆம் தேதி நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை எல்லாம் 31 தான். மணியை 0 முதல் 24 வரை எண்ணுவார்கள். பழைய கடிதத்தில் ‘31, 15 மணி’ என்று இருந்தால் 12-ஐக் கழித்து ஒரு நாள் கூட்டுங்கள்: 1-ஆம் தேதி விடியற்காலை 3 மணி. 12-க்குக் குறைவான மணியானால் அதே தேதியின் பிற்பகல் அல்லது இரவு. 1925-இல்தான் பஞ்சாங்க நூல்களில் இந்த வழக்கம் கைவிடப்பட்டது. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்கி நாழிகை எண்ணுகிற நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அக்காலக் கடிதம் ஒன்றின் படத்தில் எழுத்தின் மேலேயே குறுக்காக இன்னொரு எழுத்து ஓடுகிறது. காகிதத்துக்கு அவ்வளவு பஞ்சமா?
– வாசகி, கோட்டையூர்

காகிதத்துக்குப் பஞ்சமில்லை, கட்டணத்துக்குப் பயம். பிரிட்டனில் 1840 வரை தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்படும். பெரும்பாலும் பணம் கட்டுவது வாங்குகிறவர். ஆகவே ஒரு பெரிய தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். மூன்றில் எழுதி, நாலாவதன் நடுவில் முகவரிக்கு இடம் விட்டு, ஓரங்களை உள்ளே செருகி அரக்கு வைப்பார்கள். இடம் போதாவிட்டால் தாளைக் கால் வட்டம் திருப்பி, எழுதியதன் மேலேயே எழுதுவார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் கையொப்பம் இருந்தால் கட்டணம் இல்லை என்பதால், அப்படி ஒரு நண்பர் கிடைத்துவிட்டால் ஆராய்ச்சியாளர்கள் அவரை விடுவதே இல்லை.

இத்தகைய பக்கத்தைப் படிக்க ஒரு வழி: தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, படிக்க வேண்டிய வரி ஓடும் திசையிலேயே சாய்வாகப் பாருங்கள். அந்த வரிகள் நெருங்கித் தெரியும், குறுக்கு வரிகள் மங்கும். அரக்கு இருந்த இடத்தில் சொற்கள் கிழிந்து போயிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டே எழுதினார்கள்.

மெட்ராஸிலிருந்து ஆப்பிரிக்க முனையைச் சுற்றி லண்டன் போக நாலு முதல் ஆறு மாதம். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். அதனால் முக்கியமானதை நகலெடுத்து அடுத்த கப்பலிலும் அனுப்பினார்கள். பழைய தொகுப்புகளில் ஒரே கடிதம் இரண்டு கிடைத்தால் போலி என்று நினைத்துவிட வேண்டாம்.

மாணவர் கண்காட்சிக்கு அக்கால மை காய்ச்ச வேண்டும். செய்முறை தருவீர்களா?
– ஆசிரியை, தேவகோட்டை

ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சி உண்டாக்கும் கொட்டைபோன்ற முடிச்சைப் பயன்படுத்தினார்கள். நமக்குக் கடுக்காய் இருக்கிறது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) இரண்டுக்கும் பொது.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 250 மி.லி. தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் சிறு தீயில் கால் மணி நேரம் காய்ச்சித் துணியில் வடிகட்டுங்கள். அன்னபேதி 10 கிராமை 50 மி.லி. தண்ணீரில் தனியாகக் கரைத்து அதில் ஊற்றுங்கள். கடைசியாக வெந்நீரில் கரைத்த கருவேலம்பிசின் 10 கிராம். பிசின் இல்லாவிட்டால் எழுத்து காகிதத்தில் பரவும். பூஞ்சை பிடிக்காமல் இரண்டு கிராம்பு போடுங்கள். இரண்டு நாள் வாய் மூடாமல் வைத்து அவ்வப்போது கலக்க வேண்டும்; காற்றுப் பட்டால்தான் கறுக்கும். எழுதும்போது வெளிறி இருந்து, மறுநாள் கறுப்பது இந்த மையின் குணம்.

தவறுவது இரண்டு இடத்தில். அன்னபேதி பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருநிறம் ஏறியிருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. அது தன் பங்குக்கு இரும்பைச் சேர்த்து அளவைக் கெடுத்துவிடும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். தொட்டெழுதும் பேனாவுக்கு மட்டும்தான் இது. ஊற்றுப் பேனாவில் விட்டால் பிசின் அடைத்துக்கொள்ளும். அன்னபேதியைக் குழந்தைகள் வாயருகே விடாதீர்கள்.

பெட்டகத்துக் கடிதத்தில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது என்று கேட்டவருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மையில் அன்னபேதி மிகுந்தால் உண்டாகும் அமிலமும் மிச்ச இரும்பும் காகிதத்தைத் தின்னும். ஈரம் பட்டால் இரும்பு நகர்ந்து, எழுத்தைச் சுற்றிப் பழுப்பாகப் பரவும். எனவே ஈரத்துணி, லேமினேஷன், செலோடேப் மூன்றும் வேண்டாம். அமிலமற்ற தாளுக்கிடையே ஒவ்வொன்றாக வைத்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓதம் ஏறாத அறைக்கு மாற்றுங்கள்.

செடியைக் கடிதத்தோடு எப்படி அனுப்பினார்கள்? பெயர் தெரிந்துகொண்டு திருப்பி அனுப்புவார்களா?
– இயற்கை ஆர்வலர், குன்றக்குடி

திருப்புவதே இல்லை. சூட்சுமம் எண்ணில் இருக்கிறது. ஒரே செடியில் இரண்டு மூன்று கிளை பறித்து எல்லாவற்றுக்கும் ஒரே எண் போடுவார்கள். ஒன்று வீட்டில் தங்கும், மற்றவை கப்பலேறும். பதிலில் ‘எண் 212 இன்ன செடி’ என்று வந்தால் போதும். கல்கத்தா தோட்டத்தின் வாலிச் தயாரித்த கல்லச்சுப் பட்டியலில் இப்படி 9,000-க்கும் மேற்பட்ட எண்கள். இன்றும் ஆய்வாளர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். தரங்கம்பாடியில் ராட்லர், கிளைன் போன்றோர் சேகரித்ததைப் பொதுவில் வைத்து பெர்லினுக்கும் கோபன்ஹேகனுக்கும் அனுப்பினார்கள். தமிழ் அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். பொதுவில் வைத்ததால், எந்தச் செடியை யார் பறித்தது என்று பிரிப்பது இன்றைக்குத் தலைவலி.

நீங்களும் செய்யலாம். உறிஞ்சும் தாள் (செய்தித்தாள் போதும்), பூவும் காயும் உள்ள கிளை, ஓர் இலையாவது அடிப்பக்கம் மேலாக. மேலே பாரம் வைத்து, முதல் நாலு நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள். முதல் 24 மணி நேரத்தில் மாற்றாவிட்டால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். கள்ளி வகை பாரத்துக்குக் கீழேயும் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து இலையை உதிர்க்கும்; பூவை விட்டுவிட்டுத் தண்டைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். காய்ந்ததை 42 × 28 செ.மீ. அட்டையில் ஏற்றலாம். பூ நிறம், பால் உண்டா, மணம், உயரம், இடம், தேதி எல்லாவற்றையும் பறித்த இடத்திலேயே எழுதுங்கள். காய்ந்தபின் செடி இவற்றைச் சொல்லாது.

பழைய உலர்செடித் தாள் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். பூச்சிக்குப் பயந்து வீரம் என்ற பாதரச நஞ்சைத் தடவும் வழக்கம் பரவலாக இருந்தது.

இதிலெல்லாம் நம்மவர் யாருமே இல்லையா?
– வாசகர், கண்டனூர்

இருக்கிறார்கள், முகவரிப் பக்கத்தில் தெரிய மாட்டார்கள். மெட்ராஸ் படையின் மருத்துவர் ராபர்ட் வைட் கிளாஸ்கோவில் இருந்த தாவரவியலார் ஹூக்கருக்கு அனுப்பிய கட்டுகளில் ரங்கையா வரைந்த படங்கள் இருந்தன. பிறகு கோவிந்து. 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட 2,101 படத் தகடுகள் பலவற்றில் வரைந்தவர் பெயர் இருக்கிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட், கோவிந்துவின் பெயரை வைத்தார்.

வானியலில் வேறு கதை. மெட்ராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், தரையில் சோழி பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கொண்டு 1825 மே 31 சந்திர கிரகணத்தைக் கணித்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் புதுச்சேரியில் சந்தித்து, அதை எழுதிவைத்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. எழுத்தே இல்லாமல் இது பெரிய காரியம். ஆனால் பிழை எங்கே புகுந்தது என்று இன்னொருவர் சரிபார்க்க ஒரு தாளும் மிஞ்சவில்லை. பியாட்சியின் 24 பதிவுகளை முன்பின் தெரியாத காவுஸ் எடுத்தாள முடிந்தது தாள் இருந்ததால்தான்.

கொண்டுவிக்கப் போன (கடல் கடந்து தொழில் செய்யப் போன) ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதத்தில் ‘துன்மதி வருடம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?
– வாசகர், கானாடுகாத்தான்

அறுபதுக்கு ஒருமுறை வரும் பெயர். செரஸ் மீண்டும் அகப்பட்ட 1801-உம் துன்மதிதான். உங்களுக்கு 1861 அல்லது 1921. உறையைத் திருப்பித் தபால்தலையைப் பாருங்கள்: பர்மா அப்போது இந்தியத் தபால்தலைகளையே பயன்படுத்தியது. ராணி தலை என்றால் 1861, தாடி வைத்த ராஜா தலை என்றால் 1921. மாதம் தை, மாசி, பங்குனியில் ஒன்றாக இருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.