பெட்ரோல் போர்ஷே 718 வருமா, வராதா? மனை விற்ற பணத்தை என்ன செய்வது?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன், வயது 43. 2009-ல் 20 லட்சத்துக்கு வாங்கிய மனையை நான்கு மாதம் முன்பு 1.40 கோடிக்கு விற்றேன். போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மும்பைப் பதிவில் 2022 மாடல், 2 லிட்டர் டர்போ, 1.05 கோடிக்கு வருகிறது. பெட்ரோல் 718 தயாரிப்பு நின்றுவிட்டதால் இனி விலை ஏறும், இதுவும் ஒரு முதலீடு என்கிறார் புரோக்கர். புது பெட்ரோல் மாடல் வருகிறது, பொறு என்கிறார்கள் நண்பர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தக ஒப்பந்தத்தால் கார் இறக்குமதி வரியும் குறையுமாம். பணம் போதாவிட்டால் பட்டறையின் ஓ.டி.யில் (வங்கி ஓவர்டிராஃப்ட் கடனில்) எடுத்துக்கொள்வேன். வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பதில்: காருக்கு முன்னால் வரியைப் பார்ப்போம். உங்களுக்கு லாபம் 1.20 கோடி. 12.5% வரியோடு சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் சேர்ந்தால் 18 லட்சத்தை நெருங்கும். பணவீக்கத்தைக் கழித்து 20% கட்டும் வழியும் உண்டு. உங்கள் கணக்கில் அது இன்னும் அதிகமாகவே வருகிறது. விற்ற ஆறு மாதத்துக்குள் மூலதன ஆதாயப் பத்திரத்தில் 50 லட்சம் போட்டால், மற்ற வருமானத்தைப் பொறுத்து, வரி 10 லட்சம் அளவுக்கு இறங்கும். ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டியும் சுமார்தான். ஆனாலும் ஏறக்குறைய 8 லட்சம் மிச்சம். அதற்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் உண்மையான கெடு என்று எனக்குத் தெரிவது இது ஒன்றுதான்.

பத்திரமும் வரியும் போக, கையில் மிஞ்சுவது சுமார் 80 லட்சம்.

இனி வதந்திக்கு வருவோம். 718 மின்சாரக் காராக மட்டுமே வரும் என்று 2022-ல் சொன்னது போர்ஷேயேதான். 2025 அக்டோபரில் பெட்ரோல் 718 தயாரிப்பு நின்றது. அதற்குச் சற்று முன்னர்தான், அடுத்த 718-ன் உச்ச ரகங்களில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும் என்று பேச்சை மாற்றிக்கொண்டார்கள். மின்சார 718-ஐயே கைவிடப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. கம்பெனி சொன்ன வார்த்தையே நான்கு வருடம் நிற்கவில்லை என்றால், யூடியூபில் யாரோ வரைந்து காட்டும் படத்தை நம்பி எத்தனை மாதம் பணத்தை முடக்குவீர்கள்? அப்படியே பெட்ரோல் வந்தாலும் அது உச்ச ரகத்தில். அந்த விலை உங்கள் 80 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

புரோக்கர் சொல்வதில் பாதி சரி. சேகரிப்பாளர்கள் துரத்துவது ஆறு சிலிண்டர் ரகங்களை: ஜி.டி.எஸ். 4.0, ஜி.டி.4, ஜி.டி.4 ஆர்.எஸ். உங்களுக்கு வந்திருப்பது நாலு சிலிண்டர். ஓட்ட அருமையான வண்டி, 300 குதிரைத்திறன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அபூர்வ வண்டி என்ற பெயரில் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிச் சமாச்சாரம்தான் இதில் பெரியது. இப்போது 100 ரூபாய்க்கு இறங்கும் விலையுயர்ந்த வெளிநாட்டுக் காருக்கு 110% சுங்கம் சேர்ந்து 210 ரூபாய், அதன்மேல் 40% ஜி.எஸ்.டி. போட்டால் 294. ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கான பேச்சு 2026 ஜனவரியில் முடிந்தது. ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற வரம்புக்குள் சுங்கம் படிப்படியாக 10% வரை இறங்க வேண்டும். அந்தக் கடைசிப் படியில் அதே கார் 154 ரூபாய். நாளைக்கே நடக்காது, ஒப்பந்தம் அமலுக்கு வர வேண்டும், அதன் பிறகும் கட்டம் கட்டமாகத்தான். ஆனால் சுங்கம் இறங்க இறங்க, 294 கணக்கில் வந்த பழைய கார்களின் விலையையும் அது சேர்த்து இழுக்கும். வரி குறையும் என்று நம்புகிறவர், இன்று வாங்கும் பழைய கார் விலை ஏறும் என்றும் எப்படி நம்ப முடியும்?

அந்த 1.05 கோடி முழுக் கணக்கும் அல்ல. மும்பையிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது, காரின் வயதுக்கேற்ப ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கே 20% என்பதால், பழையதற்கும் தொகை சில்லறையாக இருக்காது. இன்சூரன்ஸில் மூன்று வயது தாண்டிய காருக்கு 40%, நான்கு தாண்டினால் 50% கழித்துத்தான் ஐ.டி.வி., அதாவது காப்பீட்டுக்கான காரின் மதிப்பைப் போடுவார்கள். செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஒரு ரவுண்டு பந்தயமாக விட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பு இருந்தால், அதில் ஆகும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பணம் தராது.

ஆகவே இந்த வண்டியை இந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்பேன். ஓ.டி.யைத் தொடவே கூடாது. அது பட்டறைக்கு மூலப்பொருள் வாங்க வைத்திருக்கும் பணம். வசூல் தாமதமாகும் மாதத்தில் கார் உதவிக்கு வராது. பத்திரத்தை முடியுங்கள், வரியைக் கட்டுங்கள். மீதியில் வீட்டுச் செலவுக்கும் பட்டறைக்கும் ஆறு மாதத்துக்கானதை எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு இருப்பதை ஒரு வருட டெபாசிட்டில் போட்டுவிட்டு, மறுபதிவுச் செலவும் அதற்குள் அடங்கும்படி ஒரு கேமன் கிடைத்தால் ஆசைச் செலவு என்றே எழுதி வாங்குங்கள். அப்போதும் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாகத் தேடுங்கள்.

புரோக்கருக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், எந்த நிலையில் திரும்பத் தருவார் என்பதை இந்த வாரமே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.