கிளாஸ்ல படம் போட்டா கேஸ் வருமா?

கேள்வி: ஆர்ட்ஸ் காலேஜ்ல சோசியாலஜி எடுக்கறேன். பாடத்துக்குப் பொருத்தமான சினிமா, டாக்குமென்டரி எல்லாம் கிளாஸ்ல போட்டுக் காட்டணும்னு ஆசை. எங்க மீடியா சென்டர்ல கேட்டா, காப்பிரைட் பிரச்னை வரும் மேடம், ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேணும்கறாங்க. ஹெச்.ஓ.டி.யோ எதுக்கு வம்புங்கறார். நிஜமாவே கேஸ் வருமா?
- உதவிப் பேராசிரியை, திண்டுக்கல்

பதில்: கிளாஸுக்குள்ள போட்டதுக்காக வராது மேடம். 1957 காப்பிரைட் சட்டத்துல எதெல்லாம் மீறல் ஆகாதுன்னு 52வது பிரிவு சொல்லுது, அதுல 52(1)(ஜே)யை பிரின்ட் எடுத்து ஹெச்.ஓ.டி. டேபிள்ல வைங்க. காலேஜ் வேலையோட ஒரு பகுதியா படம் போடலாம், ஆனா பார்க்கறவங்க ஸ்டாஃப், ஸ்டூடன்ட்ஸ், அவங்க பேரன்ட்ஸ், காலேஜ் வேலையோட சம்பந்தப்பட்டவங்க மட்டும்தான் இருக்கணும், இதுதான் விஷயம். கல்சுரல்ஸ்னு போஸ்டர் அடிச்சு ஊரையே கூப்பிட்டு டிக்கெட் கிழிச்சீங்கன்னா இந்தப் பிரிவு கைகொடுக்காது. கிளாஸை ரெக்கார்ட் பண்ணி படத்தோட சேர்த்து யூடியூப்ல ஏத்தறதும் அப்படித்தான். டெலிகிராம்ல இறக்கின திருட்டு காப்பியா, அது வேற கதை, அந்தப் பக்கமே போகாதீங்க.

ஓடிடில இன்னொரு சிக்கல், நம்ம அக்கவுன்ட் சொந்த உபயோகத்துக்குன்னு அவங்க கண்டிஷன் போட்டிருப்பாங்க. ஆனா நெட்ஃபிளிக்ஸ் தன்னோட சில டாக்குமென்டரிகளை காசு வாங்காம பாடத்துக்காக ஒரு தடவை போட்டுக்கோங்கன்னு விட்டிருக்கு, எந்தப் படம்னு பார்த்துட்டு போடுங்க.

சட்டத்தை விட கேபிள்தான் மானத்தை வாங்கும். லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ சொருகின உடனே சவுண்ட் பெரும்பாலும் ப்ரொஜெக்டருக்குப் போயிடும், அதுல இருக்கற குட்டி ஸ்பீக்கர் முதல் பெஞ்சுக்கே கேட்காது, கடைசி பெஞ்ச் தூங்கிடும். சவுண்ட் செட்டிங்ல போய் அவுட்புட்டை மாத்தி, லேப்டாப்ல இருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஆடியோ வயர் கொடுக்கச் சொல்லுங்க. பழைய ப்ரொஜெக்டர்னா ஓடிடி படம் சவுண்ட் மட்டும் வந்து ஸ்க்ரீன் கறுப்பா நிக்கும், காப்பி பாதுகாப்பு லாக் அது, வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்ல. முதல் நாளே அதே ரூம்ல, அதே லேப்டாப்ல ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. மீடியா சென்டருக்கு லெட்டர் கொடுக்கும்போது படத்தோட பேரு மட்டும் எழுதாதீங்க, எந்த நிமிஷத்துல இருந்து எந்த நிமிஷம் வரைன்னும் எழுதுங்க. ஒரு ஹவர்ல அட்டெண்டன்ஸ் போக மிஞ்சறதுல முழுப் படம் எப்படியும் முடியாது, பன்னெண்டு நிமிஷம் போட்டு மிச்சத்துக்கு பசங்களைப் பேச விட்டாத்தான் அது பாடம், இல்லன்னா ஃப்ரீ ஹவர்.

அப்புறம் ஹெச்.ஓ.டி. கிட்ட இதையும் சொல்லுங்க, பல்கலைக்கழக மானியக் குழுவே (யூஜிசி) 1984 ஆகஸ்ட் 15ல இருந்து தூர்தர்ஷன்ல காலேஜ் பசங்களுக்குன்னு பாடம் ஓட்டிச்சு, அவர் படிச்ச காலத்துலயே வந்ததுதான் இது. அப்படி வீடியோ எடுக்கற சென்டர்ல ஒண்ணு உங்களுக்குப் பக்கத்துல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துலயே இருக்கு. நெட் இழுவையா இருந்தா, மத்திய அரசோட ஸ்வயம் பிரபா கல்வி டிவி சேனல்கள் டிடி ஃப்ரீ டிஷ்ல காசில்லாம வரும், தினமும் நாலு மணி நேரப் புதுப் பாடத்தையே திரும்பத் திரும்பப் போடுவாங்க, உங்க டைம்டேபிளுக்கு ஒத்து வர்ற நேரமா பார்த்து வெச்சுக்கோங்க.