சோக்கைக் கழற்றிவிட்ட மாருதி

கேள்வி: என்னுடையது 1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. சோக் கேபிள் இறுகிப் போனதால் மெக்கானிக் கேபிளோடு உள்ளே இருந்த சோக் தட்டையும் கழற்றிவிட்டார். "ஆக்ஸிலேட்டரை நாலு மிதி மிதிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சார், போதும்" என்கிறார். மதியத்தில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. காலையில் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. இப்படியே ஓட்டினால் இன்ஜின் கெடுமா?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: நீங்கள் சென்னையிலிருந்து எழுதியிருந்தால் "விடுங்க சார், ஓட்டுங்க" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அங்கே மார்கழி விடியலிலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குன்னூர்க் குளிரில் அந்தப் பதில் செல்லாது.

பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். சூடான இன்ஜினுக்கு ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்பது கணக்கு, ஆனால் குளிர்ந்த இன்ஜினில் உள்ளே போகும் பெட்ரோலில் பாதிக்கு மேல் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்வதால் ஸ்பார்க் பிளக் பக்கம் வந்து சேரும் ஆவி போதாது. சோக் தட்டு காற்றை அடைத்து, இன்ஜினின் உறிஞ்சலைப் பெட்ரோல் பக்கம் திருப்புகிறது. கூடவே ஐடிலிங்கையும் கொஞ்சம் ஏற்றி வைக்கிறது. இரண்டும் இப்போது உங்களிடம் இல்லை, அதனால்தான் இருமுகிறது.

மதியத்தில் பிடிப்பதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. நீங்கள் இருப்பது கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில். காற்று அங்கே மெலிந்திருப்பது கார்புரேட்டருக்குத் தெரியாது, சமவெளியில் விடுவது போலவே பெட்ரோலை விடும், கலவை தானாகவே சற்று ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆகிவிடும். ஆனால் ஜனவரிக் காலைக்கு அது எந்த மூலைக்கு?

சரி, கெடுமா என்றால், சோக் இல்லாததால் மட்டும் கெடாது. சூடேறிய பிறகு அந்தத் தட்டு சும்மா திறந்து நிற்பதுதான். கெடுப்பது அந்த "நாலு மிதி". ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டரில் உள்ள ஆக்ஸிலரேஷன் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை அப்படியே திரவமாக உள்ளே அடிக்கிறது. ஒன்றிரண்டு பரவாயில்லை. பிடிக்கவில்லையே என்று மிதித்துக்கொண்டே இருந்தால் அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிட்டு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். இன்றைக்கே டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

கேபிள் வரும்வரை இப்படிச் செய்யலாம்: இரண்டு மிதி, பெடலை லேசாக அழுத்திப் பிடித்தபடி செல்ஃப், பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல் இடைவெளி விட்டு மறுபடி. பிடித்ததும் காலை எடுத்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங்கைக் காலால்தான் தாங்க வேண்டும். ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் பெடலை முழுசாக ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், பம்ப் பண்ணக் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் மூடி ஸ்டார்ட் செய்யும் வித்தையை யாராவது சொல்லித்தருவார்கள். வேண்டாம், குளிர்ந்த இன்ஜின் திருப்பித் துப்பினால் வருவது தீ.

தட்டைக் கழற்றியவர் அதன் தண்டையும் உருவியிருந்தால் அந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தாரா என்று பாருங்கள். ஃபில்டரைத் தாண்டி உள்ளே தூசி போக நல்ல வழி அது.

இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் வேண்டும், எரியவும் குறைந்த காற்றே போதும் (ஒன்றுக்கு ஒன்பது), ஆக பழைய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) விடும் கலவை இந்தப் பெட்ரோலுக்கு லீன், அதாவது பெட்ரோல் போதாது. சோக்கின் தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கேபிள் பெரிய செலவில்லை. சைக்கிள் பிரேக் கேபிளை வைத்து ஒப்பேற்ற விடாதீர்கள், அது இழுக்கும், தள்ளாது.

கேள்வி: பழைய மோரிஸ் மைனர் வாங்கினேன். எஸ்.யு. கார்புரேட்டரைத் திறந்தால் சோக் தட்டே இல்லை. யாரோ திருடிவிட்டார்களா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: திருடவில்லை, அதில் தட்டே கிடையாது. சோக் நாப்பை இழுத்தால் அடியில் உள்ள ஜெட் கீழே இறங்கி, ஊசிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடும், பெட்ரோல் அதிகம் வரும். எஸ்.யு.வில் ஆக்ஸிலரேஷன் பம்பும் இல்லை என்பதால் ஸ்டார்ட் செய்யுமுன் நூறு தடவை பெடலை மிதித்தாலும் ஒரு சொட்டு கூடுதலாக வராது. நாப்பை இழுக்கும்போது ஜெட் இறங்குகிறதா, திருப்பிவிட்டால் முழுசாக மேலே ஏறுகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். பாதியில் சிக்கி நின்றால் பிளக் கரியாகும், மைலேஜும் போகும்.