ஓமானி மேலாளருக்கு அமுவாஜ் பரிசளிக்கலாமா?

கேள்வி: மஸ்கட்டில் ஆறு ஆண்டுகளாகக் கணக்காளராக இருக்கிறேன். எங்கள் ஓமானி மேலாளர் அடுத்த மாதம் மகன் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார். அவருக்கு அமுவாஜ் சென்ட் ஒன்று பரிசளிக்க ஆசை. கடையில் நாலைந்து வகையை அட்டையில் அடித்துக் கொடுத்தார்கள். ஒன்று அப்படியே கோயில் புகை மாதிரி இருந்தது, தலை கனத்துவிட்டது. விலையோ 100 ரியாலுக்கு மேல். இவர்களுக்கு இதில் அப்படி என்ன பிடிக்கிறது? எதை வாங்குவது? எனக்கும் ஒன்று வாங்கினால் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். வளைகுடாவில் வாசனையைப் பரிசாகக் கொடுப்பது மரியாதையான பழக்கம். நீங்கள் குறையாகச் சொன்ன அந்தக் 'கோயில் புகை'யில்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

நீங்கள் முகர்ந்தது லுபான் என்ற மரப்பிசின். நம் வீட்டுச் சாம்பிராணியும் அதுவும் ஒன்றல்ல. நாம் புகைப்பது பெரும்பாலும் சுமத்ரா பக்கத்து மரத்துப் பிசின். அதை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா லுபான், என்று பிரித்துச் சொன்னார்கள். அசல் லுபான் ஓமானின் தென்கோடியில் உள்ள தோஃபார் மாநிலத்தில் விளைவது. வறண்ட மலைச்சரிவில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம். வெயில் ஏறும் மாதங்களில் அதன் பட்டையைச் சிறு கத்தியால் கீறிவிடுவார்கள். பால் போல வடிந்து முத்து முத்தாக இறுகும். முதல் கீறலில் வருவதை நல்ல சரக்காக மதிப்பதில்லை. ஒன்றிரண்டு வாரம் விட்டு, அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கீற வேண்டும். பருவமழையின் ஈரம் எட்டாத, மலைக்கு அந்தப்புறத்து மரங்களில் கிடைக்கும் ஹோஜாரி ரகத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்தப் பிசினை ஏற்றுமதி செய்த பழைய துறைமுகம் சும்ஹூரம், சலாலாவுக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் தமிழ்ப் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று பெயர் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. கிட்டத்தட்ட 1,900 ஆண்டுகளுக்கு முன் நம் ஆள் ஒருவர் அந்தக் கரையில் இருந்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். சும்ஹூரம் உள்ளிட்ட லுபான் நிலத்தை யுனெஸ்கோ 2000இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த மண்ணின் வாசனையை உலகத்தின் முன் வைக்க வேண்டும் என்று அப்போதைய ஓமான் மன்னர் சுல்தான் காபூஸ் விரும்பினார். அப்படி 1983இல் பிறந்ததுதான் அமுவாஜ். முதல் சென்ட்டைக் கலக்க அழைக்கப்பட்டவர் பிரான்சின் கி ரோபேர். எர்மேஸ் நிறுவனத்தின் 'கலேஷ்' அவர் கைவண்ணம்தான். ஓமான் லுபானையும் பூக்களையும் சேர்த்து அவர் செய்த 'கோல்ட்' இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதுவரை இங்கே பணக்காரர்கள் பாரிஸ் சென்ட்டையும் வாங்கினார்கள், பாட்டன் காலத்து அத்தரையும் பூசினார்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தன. அமுவாஜ் இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்தது. வீட்டில் தினமும் புகையும் லுபான், பாரிஸ்காரரின் கைப்பக்குவத்தில் திரும்பி வந்தால் பிடிக்காமல் போகுமா? என் அனுபவத்தில் வளைகுடாக்காரர்களை இழுப்பது அதன் விலையோ பெட்டியின் பகட்டோ அல்ல, இந்தச் சொந்தம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் குளித்துவிட்டு ஒரு சென்ட்டை அடித்துக்கொண்டு கிளம்புகிறோம். அவர்கள் வாசனையை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். துவைத்த உடுப்பைக் கூம்பு போன்ற மரச்சட்டத்தில் விரித்து, அடியில் பகூர் என்ற வாசனைத் தூபம் புகைப்பார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைக்கு நம் வீட்டில் சாம்பிராணிப் புகை காட்டுவோமே, ஏறக்குறைய அதே வேலை. பிறகு காதோரமும் மணிக்கட்டிலும் ஊது எண்ணெய் ஒரு சொட்டு. ஊது என்பது நம் அகில்தான். கடைசியாகத்தான் ஸ்ப்ரே. உங்கள் மேலாளரின் திஷ்தாஷாவில், அதாவது அந்த நீள அங்கியில், கழுத்தருகே ஒரு குஞ்சம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக்கூட வாசனையில் நனைப்பார்கள். புகைக்கும் எண்ணெய்க்கும் மேலே நின்று பேச வேண்டிய சென்ட்டுக்குக் கனம் வேண்டும். அதைத் தனியாக, ஏசி அறையில், நாலைந்து அட்டைகளுக்கு நடுவே முகர்ந்தால் யாருக்கும் தலை கனக்கத்தான் செய்யும். ஒரு தடவைக்கு இரண்டு வகைக்கு மேல் முகராதீர்கள்.

சரி, எதைக் கொடுப்பது? அசல் ஊது எண்ணெயோ ஊதுக்கட்டையோ வேண்டவே வேண்டாம். கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நம்பிக்கையான ஊது வியாபாரி ஒருவர் இருப்பார், அவர்களுக்கென்று ஒரு ரசனையும் இருக்கும். ஸ்ப்ரே பாட்டில்தான் சரி. அவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றால் என் தேர்வு 'ஜூபிலேஷன் 25' ஆண்கள் வகை. 2007இல் வெளிவந்தது, லுபானும் வெள்ளைப்போளமும் கருநாவல் போன்ற பழ இனிப்போடு சேர்ந்திருக்கும், கம்பீரமானது, யாரையும் உறுத்தாது. 2012இல் வந்த 'இன்டர்லூட்' நீங்கள் சொன்ன புகை வகை. அதன் ரசிகர்கள் அதைத் தவிர வேறு தொட மாட்டார்கள், பிடிக்காதவர்கள் அறையை விட்டே எழுந்துவிடுவார்கள். அவர் ஏற்கெனவே பூசுகிறார் என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அவர் ஆல்கஹால் கலந்த சென்ட்டைத் தவிர்ப்பவரா என்று அலுவலகத்தில் யாரிடமாவது மெல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு ஆட்சேபம் இல்லை. சிலர் தொழுகையை எண்ணி எண்ணெய் அத்தர் மட்டும் பூசுவார்கள். அப்படியானால் நல்ல கடையில் ரோஜா அத்தர் வாங்குங்கள். அடுத்தது, அந்த வீட்டுப் பெண்களுக்கு நீங்கள் நேரடியாகச் சென்ட் கொடுக்க வேண்டாம். உங்கள் மனைவி உடன் இருந்தால் அவர் கையால் கொடுக்கட்டும்.

விலை பற்றி மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். 100 ரியாலும் பாட்டிலுக்குள் இருக்கும் திரவத்துக்கு அல்ல. கனத்த கண்ணாடி, மூடி, பெட்டி, கடை வாடகை எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் சாதாரண சென்ட்டைவிட வாசனைப் பொருளின் அளவு இதில் கூடுதல் என்பது உண்மை. இரண்டு அடி அடித்தால் மாலை வரை நிற்கும். வாங்குவதைக் கம்பெனிக் கடையிலேயே வாங்குங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருபவரிடம் வேண்டாம். நிஸ்வா சாலையில் அவர்களுடைய தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஒரு நாளை ஒதுக்கிப் போய் வாருங்கள், நான் எழுதியதைவிட உங்கள் மூக்கே நிறையச் சொல்லித்தரும்.

உங்களுக்கு என்றால் 'ரிஃப்ளெக்‌ஷன்' ஆண்கள் வகையை முயன்று பாருங்கள். மல்லிகையும் ஆரஞ்சுப்பூவும் முன்னே நிற்பது. மல்லிகை மணத்தில் வளர்ந்த நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் அட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு அடி அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற இலேசான மணங்கள் கால் மணி நேரத்திலேயே தணிந்துவிடும். பூ இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். பிசினும் மரமும் கனமானவை என்பதால் கடைசியில்தான் முகம் காட்டும். நாலு மணி நேரம் கழித்து மணிக்கட்டில் எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அது பிடித்தால் மறுநாள் போய் வாங்கலாம்.

வெயில் எல்லாவற்றையும் வேகமாகக் கிளப்பிவிடும். மஸ்கட்டில் வீடு, கார், அலுவலகம் என்று ஏசிக்குள்ளேயே நாள் போகிறது; வாசனை அடங்கி இருக்கும். மே மாதத்து மதுரைப் பேருந்தில் அதே சென்ட்டை நாலு அடி அடித்துக்கொண்டு ஏறினால் பக்கத்தில் இருப்பவர் பாடு சிரமம். பகலில் ஒரு அடி, அதுவும் சட்டைக்குள் மார்பில். மாலைக் கல்யாணத்துக்கு இரண்டு. பாட்டிலை வெயில் படும் ஜன்னலிலோ காரிலோ வைக்காதீர்கள், பீரோவுக்குள் இருட்டில் இருக்கட்டும்.

ஊருக்குக் கொண்டுபோகும்போது, 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. சட்டைகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் போடுங்கள். அப்படியே மஸ்கட்டின் பழைய சந்தையான முத்ரா சூக்கில் அம்மாவுக்குக் கால் கிலோ ஹோஜாரி லுபான் வாங்கிக்கொள்ளுங்கள். இளம்பச்சை ஓடிய, வெளிச்சம் ஊடுருவும் பெரிய கட்டிகளாகப் பொறுக்குங்கள்; விரலால் தேய்த்தால் எலுமிச்சை வாடை வர வேண்டும். நம் சாம்பிராணித் தட்டிலேயே, நன்றாகக் கனிந்து சாம்பல் பூத்த கரியின் மேல் ஒரு சிறு கட்டி போதும்.